எட்டு போடத் தெரிந்தால் போதுமா?

தானியங்கிக் கார்கள் பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழில். பதில் சொல்பவர், சேலம் வட்டாரத்தில் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: புதுக் கார் வாங்கியிருக்கிறோம். கோட்டை விட்டு விலகாமல் தானாகப் போகிறது; முன்னால் வண்டி நின்றால் தானாகவே பிரேக் போடுகிறது. பெங்களூரு போகும்போது என் மகன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். இது சரியா?
(செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

சரியில்லை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தானியங்கி வசதியை 0 (எல்லாம் ஓட்டுநர்) முதல் 5 (எல்லாம் வண்டியே) வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர் ஷோரூமில் 'அடாஸ்' (ஓட்டுநருக்கு உதவும் வசதி) என்று சொல்லி விற்பது இரண்டாம் நிலையைத் தாண்டாது. அந்த நிலையில் வண்டி கைகொடுக்கும், அவ்வளவுதான். ஓட்டுநர் உங்கள் மகன்தான், கேஸ் வந்தாலும் அவர் பேரில்தான் வரும். கோடு அழிந்து கிடக்கும் இடத்தில் கேமராவுக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிரேக் பிடிக்காமல் ஒரு தானியங்கிக் கார் வருகிறது. ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் முதியவர். யாரைக் காப்பாற்றுவது என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?
(கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி)

தம்பி, கார் கம்ப்யூட்டர் எல்லாம் வருவதற்கு முன்பே, 1967-ல், பிலிப்பா ஃபூட் என்ற தத்துவ ஆசிரியை டிராம் வண்டியை வைத்து இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதைக் காருக்கு மாற்றி இணையத்தில் போட்டு, யாரைக் காப்பாற்றலாம் என்று மக்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். 233 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து சுமார் 4 கோடி முடிவுகள் குவிந்தன. ஆய்வு 2018-ல் வெளியானது. ஜெர்மனி அரசு அமைத்த நெறிமுறைக் குழு 2017-லேயே 20 விதிகள் எழுதிக் கொடுத்தது. தவிர்க்கவே முடியாத விபத்திலும் வயது, ஆணா பெண்ணா, உடல்நிலை என்று பார்த்து ஆளைத் தரம்பிரிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

ஆனால் நீங்கள் 'பிரேக் பிடிக்காமல்' என்று ஆரம்பித்தீர்களே, என் கவலை அங்கேதான். ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக் திடீரென்று காணாமல் போவது அபூர்வம். மேலிருந்து டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். டிரம்மும் லைனிங்கும் காய்ந்து கருகல் வாடை வரும். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. குழந்தையா முதியவரா என்று கேட்கிற நிலை வருவதற்கு நாலு வளைவு மேலேயே, இரண்டாவது கியருக்கு மாற்றாதபோதே, தப்பு நடந்து முடிந்துவிட்டது. இயந்திரம் ஓட்டினாலும் அப்படித்தான். அதன் நேர்மையை நான் அந்த மேல் வளைவில்தான் பார்ப்பேன்.

நிஜமாக நடந்ததைச் சொல்கிறேன். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி ஊரில், ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தவர் அவர். வண்டியின் கண்ணுக்கு அவர் தப்பவில்லை. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே ஏதோ இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அது நூறு மீட்டருக்கு மேல் தூரம். முதலில் வாகனம் என்றது, பிறகு வேறு ஏதோ பொருள், பிறகு சைக்கிள் என்று மாற்றி மாற்றிப் பெயர் வைத்தது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் நடந்துவந்த தடத்தை மறந்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. கடக்கும் கோடு இல்லாத இடத்திலும் மனிதர் குறுக்கே வருவார் என்பது அந்த நிரலில் எழுதப்படவே இல்லை. விசாரணை அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது.

அந்த அறிக்கையில் என் மனதைப் பிசைவது ஒன்றுதான். என்னவென்று தெரியாதபோது வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை. லைசென்ஸுக்கு வருகிறவர் டூவீலரில் எட்டு போடுவதும் காரில் ஹெச் போடுவதும் பழகினால் வந்துவிடும். டெஸ்டில் நான் பார்த்தது அவர் குழம்புகிற நேரத்தை. நாய் குறுக்கே வந்துவிடும், அல்லது நானே பக்கத்திலிருந்து எதையாவது கேட்பேன். அந்த நொடியில் கால் ஆக்சிலரேட்டரை விட்டு வந்தால் பாஸ். அதை அழுத்துகிறவருக்கு எவ்வளவு அழகாக ஹெச் போட்டாலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. யாரைக் காப்பாற்றுவாய் என்று இயந்திரத்தைக் கேட்பதற்கு முன்னால், தெரியாதபோது என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஏற்காட்டு ரோட்டுக்கு இந்தக் கார் வருமா? மூடுபனியில் எங்களுக்கே பத்தடி தெரிவதில்லை.
(நாகலூர் வாசகி)

இப்போதைக்கு வராது அம்மா. அவசரப்பட்டு வரவும் கூடாது. இந்தக் கார்களுக்குக் கேமரா, ரேடார், லைடார் என்று மூன்று வகைக் கண் உண்டு. கேமராவின் கதி பனியில் நம் கண்ணின் கதிதான். லைடார் லேசர் ஒளியை விட்டுத் தூரம் அளப்பது. பனித்துளியில் பட்டு ஒளி சிதறிவிடும். ரேடார் பனியை ஊடுருவும், ஆனால் எதிரே நிற்பது காட்டெருமையா, நிறுத்தி வைத்த வேனா என்று உருவம் பிரித்துச் சொல்ல அதற்கு வராது. அமெரிக்காவில் வேமோ நிறுவனம் 2020 முதல் பீனிக்ஸ் நகர வட்டாரத்தில் ஓட்டுநரே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. முன்கூட்டியே நுணுக்கமாக வரைபடம் எடுத்து, எல்லை வகுத்துக்கொண்ட பகுதிக்குள்தான் ஓட்டம்.

நம் மலை ரோட்டுக்குத் தனிப் பேச்சு உண்டு. வளைவுக்கு முன்னால் ஹாரன். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இறங்கும் பஸ் வளைவில் எதிர்ப்பக்கம் வரை அகலமாக வீசித் திரும்பும். அப்போது மட்டும், ஏறி வருகிற நாமே கீழே நின்றுவிடுவோம். இன்னொன்று, ரோட்டில் ஒடித்துப் போட்ட பச்சைக் கிளை. இயந்திரம் அதைக் கிளை என்று சரியாகவே கண்டுபிடித்து, சுற்றிக்கொண்டு அதே வேகத்தில் போகும். அடுத்த வளைவில் அச்சு முறிந்த லாரி நிற்கிறது என்று கிளீனர் போட்டு வைத்த கிளை அது. உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதையெல்லாம் கற்றுக்கொண்டு வரட்டும், நானே மலர்ந்த முகத்தோடு வரவேற்பேன். கண் தெரியாதவரும், ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு இறங்க வண்டி கிடைக்காதவரும் மலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய வரம்.

கேள்வி: ஓட்டுநர் இல்லாத கார் ஆளைக் கொன்றால் ஜெயிலுக்குப் போவது யார்?
(வழக்கறிஞர் ஒருவர், சேலம்)

டெம்பி வழக்கில் தண்டனை பெற்றவர், ஸ்டீயரிங் முன்னால் காவலுக்கு உட்கார்ந்திருந்த சம்பளக்காரப் பெண். செல்போனில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. தப்புதான். 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். நிறுவனத்தின் மேல் கிரிமினல் வழக்கே இல்லை. அந்தக் காரில் வால்வோ கம்பெனி வைத்திருந்த அவசர பிரேக்கை, கார் தானாக ஓடும்போது வேலை செய்யாதபடி செய்துவைத்தது அந்த நிறுவனம்தான். இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொன்று. வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் காருக்கு முன்னால் வந்து விழுந்தார். கார் மோதி நின்றது. பிறகு, விபத்தானால் ஓரங்கட்டு என்ற பாடப்படி, அடியில் சிக்கியவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு ஓரம் போனது. வண்டியில் ஒரு மனிதர் இருந்திருந்தால் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார். அந்த இழுத்துச் சென்ற பகுதியை விட்டுவிட்டு நிறுவனம் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 2024-ல் அதை ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

நம் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மோட்டார் வாகனச் சட்டம் 164-ன்படி யார் தப்பு என்று பார்க்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயை உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ தர வேண்டும். பணத்துக்கு வழி இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் போட ஓர் ஆள் வேண்டுமே, அவர் யார்? பிரிட்டன் 2024-ல் இயற்றிய சட்டம், வண்டி தானாக ஓடும் நேரத்துப் பொறுப்பை அங்கீகாரம் வாங்கிய நிறுவனத்தின் மேல் வைக்கிறது. நமக்கும் அது வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 2பி பிரிவு, ஆராய்ச்சிக்கென்று சில வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்குத் தர இடம் கொடுக்கிறது. விலக்குத் தருவதற்கு முன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கிற, 'தெரியாதபோது என்ன செய்வாய்' என்ற கேள்வியை யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். நிறுவனத்தில் பெயர் போட்ட ஒருவர் கையெழுத்திட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: லாரிக்கும் இது வந்துவிட்டால் எங்கள் பிழைப்பு?
(லாரி ஓட்டுநர், சங்ககிரி)

வேலையைப் பறிக்கும் தொழில்நுட்பத்தை அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-ல் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். உங்களை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால், உங்களைக் காப்பாற்ற இதே தொழில்நுட்பத்தை முதலாளிகள் வாங்கட்டும். கண் சொக்கினால் எழுப்பும் கேமரா இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தொப்பூர் கணவாயை இறக்கிப் போன உயிர்கள் போதும். கியர் விழாமல் இறங்கினால் வண்டியே எச்சரிக்கட்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதியாகிவிட்டது. அந்த மணிக்கணக்கை இயந்திரம் பதிவு செய்யட்டும், அந்தப் பதிவு உங்கள் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். வாசகம் எழுத ஆள் வேண்டுமென்றால் இந்த இதழின் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், நான் வருகிறேன்.