கிளச் ஒயில் எங்கே போகிறது?

கேள்வி: பாவித்த டொயோட்டா கொரோலா 110 ஒன்று வாங்கியிருக்கிறேன், மனுவல் கியர். கொஞ்ச நாளாகக் கிளச் பெடலை மிதித்தால் அடியிலேயே கிடக்கிறது. சப்பாத்து நுனியால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று சத்தம். கினிகத்தேனையில் வாகனங்கள் வரிசையாக நின்றபோது முதல் கியர் விழவே இல்லை. இரண்டு மூன்று தடவை அடித்து அடித்து மிதித்தால் சரியாகிறது. பொனட்டுக்குள் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஒயில் குறைந்திருந்தது. ஊற்றினேன், மறுபடியும் குறைகிறது. கராஜில் காட்டினால், "கிளச் பிளேட் முடிந்துவிட்டது, கியர் பொக்ஸை இறக்கி முழு செட்டையும் மாற்ற வேண்டும்" என்று ஒரு இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா? (ஆசிரியர் ஒருவர், ஹட்டன்)

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுகூட பிளேட் தேய்ந்ததற்கான அடையாளம் இல்லை.

கிளச்சுக்கு இரண்டு விதமான நோய் வரும். ஒன்று, பிடிக்காமல் வழுக்குவது. ஏற்றத்தில் மூன்றாம், நான்காம் கியரில் எக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வாகனம் வேகமெடுக்காது, கருகிய வாடை வரும். பிளேட் தேய்ந்தால் இப்படித்தான் காட்டும். மற்றது, விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பது. பெடலை முழுதாக மிதித்தும் எஞ்சினும் கியர் பொக்ஸும் பிரியாது, அதனால் கியர் விழாது, ரிவர்ஸ் கறகறக்கும். உங்களுடையது இரண்டாவது. அதிலும், பலமுறை மிதித்தால் சரியாவது, பெடல் அடியில் கிடப்பது, ஒயில் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்தால், அழுத்தம் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

இன்னொன்றையும் அந்தக் கராஜில் கேட்டுப் பாருங்கள். பிளேட் தேயத் தேய, கீழே, கியர் பொக்ஸ் பக்கத்தில் கிளச்சைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். அதனால் கிண்ணத்தில் ஒயில் மட்டம் சற்று ஏறத்தான் செய்யும், குறையாது. குறைகிறதென்றால் அது வெளியே போகிறது. போன இடத்தைக் கண்டுபிடிக்காமல் கியர் பொக்ஸை இறக்குவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. இறக்கி, புது செட் போட்டு, மறுபடி பூட்டிய பிறகும் பெடல் அடியில்தான் கிடக்கும்.

பிளேட் பற்றிய சந்தேகம் தீர ஒரு சோதனை போதும். சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, கிளச்சைப் பலமுறை மிதித்து மூன்றாம் கியரைப் போட்டு, மெதுவாகக் கிளச்சை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் பிளேட் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து பிளேட்டை எரிக்க வேண்டாம்.

இனிக் கசிவைத் தேடுவோம். உங்கள் கால் மிதிப்பது மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரை. பெடலில் இருந்து வரும் கம்பி அதன் பிஸ்டனைத் தள்ள, ஒயில் குழாய் வழியே போய்க் கியர் பொக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. அது முள்ளை (கவை போன்ற நெம்புகோலை) தள்ள, முள் ரிலீஸ் பெயாரிங்கைத் தள்ளிப் பிளேட்டை விடுவிக்கிறது. இரண்டு சிலிண்டருக்குள்ளும் ரப்பர் கப் இருக்கிறது. அனேகமாகப் போவது அந்த ரப்பர்தான்.

முதலில் வாகனத்துக்குள்ளேயே பாருங்கள். சாரதி இருக்கைக்கு முன்னால் தலையைக் கீழே குனிந்து, பெடலில் இருந்து கம்பி எஞ்சின் பக்கச் சுவருக்குள் நுழையும் இடத்தில் டோர்ச் அடித்து, அங்குள்ள ரப்பர் உறையை விரலால் தடவுங்கள். மாஸ்டரின் பின் ரப்பர் கிழிந்திருந்தால் விரல் ஈரமாகும். கம்பி வழியே வழிந்து பெடலின் கைக்கும், அங்கிருந்து கால் மெட்டுக்கும் இறங்கியிருக்கும். நம் பக்கத்தில் இதைக் கவனிக்காமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. வட்டவளை, ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் மெட் எப்போதும் நனைந்தே கிடக்கும், சப்பாத்துத் தண்ணீர் என்று நினைத்துவிடுவோம். மழைத்தண்ணீர் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். கிளச்சுக்கு ஊற்றுவதும் பிரேக் ஒயில்தான், அது காயாது, இரு விரலால் தேய்த்தால் வழவழக்கும். பெடல் தகட்டின் பெயின்ட் பொருக்கு விட்டிருந்தாலும் அதுதான், பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும்.

அங்கே காய்ந்திருந்தால் ஸ்லேவுக்கு வாருங்கள். 110இல் அது கியர் பொக்ஸுக்கு வெளியேதான் பூட்டப்பட்டிருக்கிறது, எதையும் இறக்கத் தேவையில்லை. அதன் முனையில் உள்ள தூசி மறைப்பு ரப்பரை மெல்ல உரித்துப் பார்த்தால் நல்ல சிலிண்டரில் உலர்ந்த தூசியோ கொஞ்சம் கிரீஸோதான் இருக்கும். கசிகிற சிலிண்டரில் கறுத்த நீர் சொட்டென்று விழும். அப்படி விழுந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். விழாவிட்டால் குழாய் மூட்டுகள், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இரவு கீழே பழைய பேப்பர் விரித்து, ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க மற்றவர் பார்க்க வேண்டும்.

எல்லாம் காய்ந்திருந்து, ஒயிலும் குறையாமல், பெடல் மட்டும் மெல்ல இறங்குகிற வாகனங்களும் உண்டு. அங்கே மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஒயில் உள்ளேயே திரும்பக் கிண்ணத்துக்குப் போகிறது. கிளச்சை முழுதாக மிதித்து முதல் கியரில் வைத்துக்கொண்டு காத்திருந்தால், சற்று நேரத்தில் வாகனம் தானாக நகரப் பார்க்கும். (கால் பிரேக்கில் இருக்கட்டும்.) உங்களுடையதில் ஒயில் குறைவதால் இந்தக் கதை உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் பலர் இதே குறையோடு கராஜ் கராஜாக அலைகிறார்கள் என்பதால் சொல்லி வைத்தேன்.

கராஜ்காரர் சொல்வது சரியாகும் ஒரு சந்தர்ப்பமும் இருக்கிறது. சில வாகனங்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பொக்ஸ் மூடிக்குள்ளேயே ரிலீஸ் பெயாரிங்கோடு ஒன்றாக இருக்கும். அது கசிந்தால் கியர் பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். வேலைக்கூலிதான் அதில் பெரிய செலவு என்பதால், பாதி தேய்ந்த பிளேட்டையும் கையோடு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். உங்கள் 110க்கு அது தேவையில்லை.

ரிப்பேர் கிட் (ரப்பரை மட்டும் மாற்றும் செட்) போதுமா, சிலிண்டரையே மாற்றுவதா என்பது சிலிண்டரின் உட்சுவரைப் பார்த்துத்தான் முடிவாகும். கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் வருடச் சொல்லுங்கள். வழவழப்பாக இருந்தால் கிட் போதும். பள்ளமோ துருக்குழியோ நகத்தில் தட்டினால் புது ரப்பர் அதில் உரசி சீக்கிரமே கிழியும், அந்தச் சிலிண்டரை விட்டுவிடுங்கள். மேலே, கீழே இரண்டு ரப்பரும் ஒரே வயது என்பதால் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள். கீழே புதிதாகப் போட்டு முழு அழுத்தம் வந்ததும் மேலே உள்ள கிழடு கைவிடுவது கராஜ்களில் வழக்கமாக நடப்பதுதான்.

பிறகு எயார் எடுக்கும் வேலை, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. ஸ்லேவில் அதற்கென்று உள்ள நிப்பிளில் கண்ணாடிபோல் தெரியும் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனை ஒயில் உள்ள போத்தலுக்குள் மூழ்கியிருக்க, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மூடி, அதற்குப் பிறகே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இதுதான். இடையில் கிண்ணம் வற்றிவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். வேலை முடிந்ததா என்று பெடலே சொல்லும்: முதல் மிதியிலேயே கெட்டியாக நிற்கும், பஞ்சாக அமுங்காது.

ஒயிலை மூடியில் எழுதியிருக்கும் தரத்தில் வாங்குங்கள். டொட் 3 என்று இருந்தால் டொட் 4 உம் ஊற்றலாம், டொட் 5 வேண்டாம், அது சிலிகோன், இவற்றோடு கலக்காது. முத்திரை உடையாத சிறிய போத்தலாக இருக்கட்டும். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நுவரெலியா, ஹட்டன் மூடுபனியில் திறந்து கிடந்த பாதிப் போத்தலை விலை குறைவு என்று வாங்குவதில் இலாபம் இல்லை. புது டொட் 3 கொதிப்பது குறைந்தது 205 பாகையில். ஈரம் ஏறியது 140 பாகையிலேயே கொதிக்கலாம். கிளச்சை விட பிரேக்குக்கு அது ஆபத்து.

அதுவரை ஊற்றி ஊற்றி ஓடலாமா என்று கேட்க நினைத்திருப்பீர்கள். டவுனுக்குள் கராஜ் வரைக்கும் போகலாம். ரம்பொடைப் பக்கம், கடுகண்ணாவைப் பக்கம் இறங்காதீர்கள். இறக்கத்தில் கியர் குறைக்க முடியாமல் போனால் முழுச் சுமையும் பிரேக்குக்கு. சில வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே கிண்ணம்தான். கிளச் குழாயை அதில் மேலே வைத்திருப்பதால் கிளச் கசிந்தாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தை நம்பி மலை இறங்குவதா என்பதை நீங்களே யோசியுங்கள்.

கராஜ் விஷயத்துக்கு வருவோம். வேலைக்கு முன்னே என்ன மாற்றப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வியாபாரமாகச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்கிவிட்டார்கள் என்று பட்டால், மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களுடைய 1977 இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் போய் நின்றால் அங்கும் கையை விரிக்க வேண்டியதுதான்.

கேள்வி: கிளச் மாஸ்டர் சிலிண்டர் வாங்கக் கடைக்குப் போனால் மூன்று விலை சொல்கிறார்கள். "ஜப்பான் ஒரிஜினல்" ஒன்று, பெயர் தெரியாத பெட்டியில் ஒன்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வந்த பாவித்தது ஒன்று. பாவித்தது பாதி விலைதான், வாங்கலாமா? (பண்டாரவளை வாசகி)

பதில்: கதவு, கண்ணாடி, லைட் என்றால் பாவித்ததை வாங்குங்கள், நானே சொல்வேன். ரப்பர் உள்ள சாமானில் அது வேண்டாம். அது எத்தனை வருடம் ஓடியது, கழற்றி எத்தனை மாதம் காய்ந்து கிடந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. பாதி விலைக்கு வாங்கிய சிலிண்டருக்கு மேல் கிட்டும் இன்னொரு வேலைக்கூலியும் கொடுத்தால் புதியதன் விலை வந்துவிடும்.

பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்பதை விட, உள்ளே என்ன அளவு என்பது முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பல சிலிண்டர்களின் உடலிலேயே உள்விட்டம் அங்குலத்தில் வார்க்கப்பட்டிருக்கும், 5/8 என்றோ 11/16 என்றோ. பழையதைக் கையில் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பூட்டும் ஓட்டைகள் பொருந்துவது மட்டும் போதாது. மாஸ்டரின் உள்விட்டம் சிறிதானால் பெடல் இலேசாகத்தான் இருக்கும், ஆனால் தள்ளும் ஒயில் குறைவதால் கிளச் முழுதாக விடாது. பெரிதானால் கால் வலிக்கும் அளவுக்குக் கனக்கும். சேசி இலக்கத்தைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.

பூட்டிப் பார்த்த பிறகு திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொல்வார். அப்படியென்றால் உத்தரவாதம் எத்தனை மாதம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

கேள்வி: இரவில் கிளச் ஒயில் இல்லாமல் நின்றபோது உதவிக்கு வந்த ஒருவர் பவர் ஸ்டியரிங் ஒயிலை ஊற்றிவிட்டார். இரண்டு நாளாக நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை வருமா? (சாரதி ஒருவர், பதுளை)

பதில்: வரும். பிரேக் ஒயிலுக்கென்று செய்த ரப்பர், எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ பட்டால் ஊதிப் பெருத்து மென்மையாகிவிடும், சில நாளில் பெடல் திரும்பாது. கலந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் எடுத்து, கிண்ணத்தில் உள்ளதில் கொஞ்சம் விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும், மற்றது மேலே மிதக்கும். மிதந்தால் எல்லாவற்றையும் வடித்து, குழாயைக் கழுவி, மேலும் கீழும் உள்ள ரப்பர் அத்தனையும், ஹோஸும் சேர்த்து மாற்ற வேண்டும், கழுவி ஊற்றுவது மட்டும் போதாது. உங்கள் வாகனத்தில் பிரேக்குக்கும் அதே கிண்ணம் என்றால் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். கராஜுக்கு ஓட்டிப் போகாமல் லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.