துக்கமா, டிப்ரஷனா?

கேள்வி: அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அம்மாவுக்கு வயது 58. சரியாகச் சாப்பிடுவதில்லை, விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாவது வாரம் ஒரு டாக்டர் ஒன்பது கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார். 14 மதிப்பெண் வந்தது. 'டிப்ரஷன்' என்று மாத்திரை எழுதிவிட்டார். இன்னொரு டாக்டர், 'இது துக்கம்தான், பொறுங்கள்' என்கிறார். மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை. யார் சொல்வது சரி? ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தெரியாது. டிப்ரஷன்தான் என்று உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. இருந்தாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் சோர்வு இப்படித்தான் ஆளை அமுக்கும்.

டாக்டர்கள் முரண்படுவதற்கு மனநல மருத்துவத்தின் விதிப்புத்தகமும் ஒரு காரணம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். நூல்படி, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். சோகம், எதிலும் நாட்டமின்மை இரண்டில் ஒன்று கட்டாயம். கணக்குப் போட்டால் 227 விதமாக இவை சேரலாம். 1994இல் வந்த நான்காம் பதிப்பு, நெருங்கியவர் இறந்து இரண்டு மாதம் வரை, கடுமையான அறிகுறிகள் இல்லாவிட்டால் டிப்ரஷன் என்று எழுத வேண்டாம் என்றது. 2013இல் ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை எடுத்துவிட்டது. நான்காம் பதிப்புக்குத் தலைமை வகித்த ஆலன் ஃபிரான்சிஸே இதைக் கடுமையாக எதிர்த்தார். இயல்பான துக்கத்துக்கு நோய்ப்பெயர் ஒட்டிவிடுவார்கள் என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு: வேலை போனவருக்கு, விவாகரத்தானவருக்கு இல்லாத விலக்கு இதற்கு மட்டும் எதற்கு? ஐந்தாம் பதிப்புக்காக நடந்த சோதனையில், ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தபோது டிப்ரஷனில் ஒத்துப்போன அளவு 0.28. முழுதாக ஒத்துப்போனால் 1. குருட்டாம்போக்கில் ஒத்துப்போவது 0.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதன் 11ஆம் பதிப்பு, இறப்புக்குப் பின் ஒரு மாதமோ அதற்கு மேலோ சோகம் இடைவெளியே இல்லாமல் நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அந்த வகையில் மூன்றாவது வாரத்தில் பெயர் வைத்தது அவசரம். அந்த ஒன்பது கேள்வித் தாளும் சலித்தெடுக்கத்தான்: கேள்விக்கு 0 முதல் 3, மொத்தம் 27, 10ஐத் தொட்டால் 'விரிவாக விசாரி' என்று அர்த்தம். வீட்டில் சாவு விழுந்ததா என்று அது கேட்பதே இல்லை. ஆனால் வெறுமனே 'பொறுங்கள்' என்றதும் போதாது. மறுபடி எப்போது பார்ப்பது என்று அவர் தேதி கொடுத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள்.

அதுவரை தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: தூங்கிய நேரம், சாப்பாடு, பேச்சு. மாலை போட்ட போட்டோவைப் பார்த்துப் பொங்கி அழுகிறார், கொஞ்ச நேரத்தில் தெளிந்து அப்பாவின் குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார் என்றால் அது துக்கத்தின் போக்கு. நாள் முழுக்க ஒரே கனம், யார் வந்தாலும் முகம் மாறவில்லை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தன்னையே நொந்துகொள்கிறார் என்றால் டிப்ரஷன் பக்கம். அப்பா கூப்பிட்டது போலக் கேட்டது என்றால் பயப்பட வேண்டாம், துக்கத்தில் அது சகஜம். அந்தக் குரல் சாகச் சொல்கிறது என்றாலோ, அம்மாவே சாவைப் பற்றித் திட்டமாகப் பேசினாலோ, தண்ணீர்கூட வேண்டாம் என்றாலோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம். முன்பு எப்போதாவது டிப்ரஷன் வந்தவர் என்றாலும் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த சந்திப்பில் மாத்திரை தேவை என்று முடிவானால், தயங்காமல் கொடுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல் இருக்கலாம். தேறிவிட்டார் என்று நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். அளவை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.