கரடிக்கு ஏது இயக்கம்?

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிது. ‘மூவ்மென்ட்’ என்று வந்தாலே ‘இயக்கம்’ என்று போட்டுவிடுகிறேன். அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. திருத்துபவர் பக்கம் பக்கமாகச் சிவப்பு மை அடிக்கிறார். என் தவறுதான் என்ன?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பவற்றைப் படிக்காமல் மூடிவிடுகிறீர்கள்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் போய் நில்லுங்கள். வடம் விறைத்து, பின்சக்கரத்தில் தடி போட்டு நெம்பியதும், தேர் நின்ற இடத்திலேயே ஒரு குலுங்கு குலுங்கும். உச்சிக் கலசம் ஆடும். அது அசைவு. சக்கரம் ஒரு முழமாவது உருண்டால்தான் நகர்வு. ‘தேர் அசைஞ்சிட்டு’ என்பதும் ‘நகந்துட்டு’ என்பதும் நம் ஊர்க்காரருக்கு ஒன்றல்ல. சனி ராசி மாறினால் பெயர்ச்சி. கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்தால் வலசை. பாபநாசம் பக்கம் தோட்டத்துக்குள் கரடி வந்துபோனால் நடமாட்டம். ‘கரடி இயக்கம்’ என்றால் கொடி என்ன நிறம் என்று கேட்பார்கள்.

மருத்துவத் தாளில் இது சிரிப்போடு முடியாது. ‘பவல் மூவ்மென்ட்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்து, எத்தனை முறை மலம் கழிந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘குடல் இயக்கம் எத்தனை முறை?’ என்று அச்சடித்தால் நோயாளி என்ன பதில் எழுதுவார்? குடல் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுவதுதான் குடல் இயக்கம். அதை அவரால் எண்ண முடியாது. வயிற்றுப் பிள்ளைக்கும் அசைவுதான், இயக்கம் இல்லை.

இன்னொரு சிக்கல்: இயங்கு, இயக்கு என்ற இரண்டு வினைக்கும் பெயர் ‘இயக்கம்’தான். ‘பேருந்து இயக்கம்’ என்றால் வண்டி ஓடுவதா, ஒருவர் ஓட்டுவதா? ஐயம் வந்தால் பெயரை விட்டுவிட்டு வினையாக எழுதுங்கள்: பேருந்து ஓடியது, பேருந்தை ஓட்டினார்கள்.

அரசியலிலும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் நடந்தது வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதையொட்டி மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் வெடித்தது எழுச்சி. வெள்ளைக்காரன் ஏட்டில் அதுவே கலகம். எந்தச் சொல்லைப் போடுகிறீர்களோ அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். இரண்டையும் உள்ளடக்கி, ஆண்டுக்கணக்கில் ஓடிய சுதேசியத்துக்குத்தான் இயக்கம் என்ற பெயர் பொருந்தும்.

ஆகவே முதலில் வினையைத் தேடுங்கள். ‘இயங்குகிறது’ என்று வாக்கியம் வாயில் வராவிட்டால் ‘இயக்கம்’ போடாதீர்கள். கடைக்காரர் ‘இந்தச் சரக்குக்கு மூவ்மென்ட் இல்லை’ என்றால் விற்பனை மந்தம், அவ்வளவுதான். கடிகாரத்துக்குள் இருக்கும் மூவ்மென்ட்டுக்கும் மூளையைக் கசக்க வேண்டாம். பழுதுபார்க்கும் கடையில் அது மிஷின்.