18 மாதக் குழந்தைக்கு அடுத்த கார் சீட் எது வாங்குவது?

கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். பையனுக்கு 18 மாதம், எடை 11 கிலோ. பிறந்தபோது வாங்கிய, கைப்பிடி வைத்துத் தூக்குகிற சீட்டில் கால் இடிக்கிறது. மாதம் இரண்டு தடவை சேலம் போய் வருகிறார்கள். "வளர்ந்துவிட்டான், இனி முன்னால் பார்த்து உட்காருகிற சீட்டாக வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

புது சீட் வாங்குங்கள். ஆனால் முன்னால் பார்த்து உட்கார வைக்க இப்போதே அவசரப்படாதீர்கள். இன்னும் இரண்டு வருடமாவது பையன் பின்கண்ணாடியைப் பார்த்து, அதாவது ரியர் ஃபேசிங்காக, உட்கார முடிகிற சீட்டைத் தேடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. மகளுக்கு ஒன்பது மாதம் இருந்தபோது காரிமங்கலம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. கணவர் பிரேக் போட்டார். மோதல் எதுவும் இல்லை. வண்டி மாட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. ஆனால் பின்சீட்டில் என் மாமியார் மடியில் இருந்த குழந்தை கை நழுவிப் போய் முன்சீட்டின் முதுகில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அத்தை வயலில் வேலை செய்து உரமேறிய கைக்காரர். "கெட்டியாத்தாம்மா புடிச்சிருந்தேன், எப்படிப் போச்சுன்னே தெரியல" என்று அன்று முழுக்க அழுதுகொண்டே இருந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. யார் பிடித்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதலில் அந்த வேகம் பத்தில் ஒரு நொடிக்குள் பூஜ்ஜியம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பைப் போல் 14 மடங்கு விசை வரும். உங்கள் பையனின் 11 கிலோ அந்த நேரத்தில் 150 கிலோவுக்கு மேல் இழுக்கும். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றை, திடீரென்று ஒரே இழுப்பில், எந்த அம்மாவாலும் எந்த ஆயாவாலும் பிடித்து நிறுத்த முடியாது. இது 50 கிலோமீட்டர் வேகத்துக்கான கணக்கு. நாம் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் 50-இல் யார் போகிறார்கள்?

இனி ரியர் ஃபேசிங் ஏன் என்று சொல்கிறேன். சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது. பிறக்கும்போது மொத்த நீளத்தில் கால்வாசி தலைதான். கழுத்து எலும்புகள் இன்னும் முழு எலும்பாகாமல் பாதி குருத்தெலும்பாகவே இருக்கும். முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிற குழந்தையின் உடம்பை மோதலின்போது வார் பிடித்துக்கொள்ளும். தலையை மட்டும் எதுவும் பிடிக்காது. அது முன்னால் பாய, அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கும். பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் முதுகில் அழுந்தும். விசை ஓர் இடத்தில் குவியாமல் பரவிவிடும். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து படுத்துப் போவதும் இதற்காகத்தான். 1960-களில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்பவர் அதைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்கு இந்தச் சீட்டை யோசித்தார். அங்கே நான்கு வயது வரைகூடப் பின்னால் பார்த்தே உட்கார வைப்பது வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முன்பு இரண்டு வயது வரை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2018-இல் அந்த வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு தாங்குகிற வரை ரியர் ஃபேசிங்காகவே வையுங்கள் என்று மாற்றியது.

என் கணவர் இதில் ஒரு நல்ல கேள்வி கேட்டார். சேலம் போகிற வழியில் இருக்கிற தொப்பூர் மலை இறக்கத்தில் நமக்குப் பயம் பின்னால் வருகிற லாரிதானே, பிரேக் பிடிக்காமல் பின்னாலிருந்து இடித்தால் பின்னால் பார்க்கிற குழந்தைக்கு அது முன்மோதல் ஆகிவிடாதா என்றார். சேலம் போகிற உங்களுக்கும் இது தோன்றும். பின்னாலிருந்து இடிக்கும்போது பெரும்பாலும் இரண்டு வண்டியும் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் நம் வண்டியின் வேகம் சட்டென்று மாறுகிற அளவு நேருக்கு நேர் மோதலைவிடப் பொதுவாகக் குறைவு. தொப்பூரில் இடிபட்ட கார் அதோடு நிற்பதுமில்லை, முன்னால் போகிற வண்டியில் போய் மோதும். அந்த இரண்டாவது மோதல் முன்மோதல். பாரம் ஏற்றிய லாரி முழு வேகத்தில் வந்து நசுக்கினால் எந்தச் சீட்டும் உத்தரவாதம் தராது. அது உண்மைதான். அப்படியும் பார்த்த வரையில் ரியர் ஃபேசிங்தான் நல்லது என்று இருவரும் முடிவு செய்தோம்.

கால் இடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சீட் சின்னதாகிவிட்டதற்கு அது அடையாளம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தாலும் சம்மணம்தான் போடுகிறார்கள். சீட்டிலும் அப்படியே மடக்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு அது வலியே இல்லை. பார்க்க வேண்டியது தலையை. உச்சந்தலைக்கு மேல் சீட்டின் ஓடு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மிச்சமிருந்தால் சீட் முடிந்தது. எடை வரம்பு தாண்டினாலும் முடிந்தது. கைப்பிடி சீட்டுகள் பெரும்பாலும் 13 கிலோ வரைதான். உங்கள் பையன் 11-இல் இருக்கிறான், இப்போதே தேடுவது சரிதான்.

தேடும்போது மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. "0 முதல் 18 கிலோ" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே சின்ன எழுத்தில் ரியர் ஃபேசிங் 13 கிலோ வரை மட்டும், சிலவற்றில் 10 கிலோ வரை மட்டும், அதற்கு மேல் முன்னால் திருப்பவும் என்று இருக்கும். அதை வாங்கினால் சில மாதத்தில் பையனைத் திருப்பியாக வேண்டும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ரியர் ஃபேசிங்கில் எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்?" என்பதுதான். 18 கிலோ என்று அச்சில் இருக்க வேண்டும். உயரக் கணக்கில் வருகிற புது சீட்டுகளில் 105 சென்டிமீட்டர் வரை என்று இருந்தால் நல்லது, அதிலும் ரியர் ஃபேசிங்குக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் ஆரஞ்சு நிற ஒட்டு இருக்கும். அதில் ஆர்44 என்றால் பழைய ஐரோப்பிய விதி, ஆர்129 என்றால் புதியது. ஆர்129-இல் பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு, பழையதில் அது கிடையாது. நம் நாட்டு விதிக்குப் பெயர் ஏஐஎஸ் 072. எந்த முத்திரையும் இல்லாமல் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற பஞ்சு மெத்தை மாதிரியான பட்டைகளைத் தொடவே தொடாதீர்கள்.

பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரே சீட் என்று விற்பதும் எனக்கு ஒப்பவில்லை. எல்லா வயதுக்கும் என்று செய்தது இந்த வயதுக்கு அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. சொந்தக்காரர் கொடுக்கிற பழைய சீட் என்றால் அது விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அடியில் அச்சிட்டிருக்கிற காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

கம்பெனி பெயர் கேட்டு நிறைய பேர் எழுதுவார்கள். சொல்வதில் பயனில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் என் காரில் கச்சிதமாக உட்கார்ந்த சீட் உங்கள் காரில் உட்காராமல் போகலாம். எங்களுக்கே அப்படி நடந்தது. முதலில் வாங்கியது நல்ல சீட்தான். ஆனால் எங்கள் பழைய சின்னக் காரின் பின்சீட் பெல்ட் அதைச் சுற்றி வந்து பூட்டுகிற அளவுக்கு நீளமில்லை. நான்கு விரல் அகலம் பற்றாமல் நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை ஓசூரில் ஒரு கடைக்குக் காரோடு போனோம். வாசலில் நிறுத்தி, சீட்டை உள்ளே வைத்து, பெல்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமலே சீட்டை நேராகக் காரில் மாட்டுகிற வளையம், இருக்கிறதா என்று பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேருகிற இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையம் கையில் தட்டுப்படும். இருந்தால் அதில் மாட்டுகிற சீட்டே வாங்குங்கள், தப்பாகப் பொருத்த வாய்ப்பு குறைவு. சீட்டைத் தாங்க அடியில் ஒரு கால் வைத்த மாடல் என்றால் அந்தக் கால் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும், தரைக்கு அடியில் சாமான் வைக்கிற பெட்டி இருக்கிற காரில் அதை மூடியின் மேல் ஊன்றக் கூடாது. ஐசோஃபிக்ஸ் இல்லாவிட்டால் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட் இருக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும். நடு இடத்தில் வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் பெரும்பாலான சீட்டுக்கு அது ஆகாது. ரியர் ஃபேசிங் சீட் இடம் அடைக்கும். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் இருக்கிற சீட்டில் குள்ளமான நான்தான் உட்காருகிறேன்.

முன்சீட்டில் ஏர்பேக் வேலை செய்கிற இடத்தில் ரியர் ஃபேசிங் சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் வெடித்து விரிகிற வேகம் சீட்டோடு குழந்தையின் தலையில் அறையும். உயிர் போய்விடும்.

பொருத்திய பிறகு பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தோள் வார், ரியர் ஃபேசிங்கில் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னால் திருப்பிய பிறகு தோளின் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். வாரை இறுக்கிய பின் காறையெலும்புப் பக்கம் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், துணி மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். மார்கழி, தை மாதத்தில் ஓசூர்ப் பக்கம் போகும்போது குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர் போட்டு அதன் மேல் வார் கட்டுவார்கள். மோதலில் ஸ்வெட்டர் அமுங்கி, வார் லூசாகிவிடும். மெல்லிய சட்டையோடு கட்டிவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான தொல்லை, வெயிலில் நின்ற காரில் பக்கிள் இரும்பு தோலைச் சுட்டுவிடும். ஈரிழைத் துண்டு ஒன்றைச் சீட்டின் மேல் போட்டு வைத்தால் போதும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சீட் வாங்கிய பிறகும் அது காலியாகப் போவதற்கு அதுதான் காரணம். "ஏம்மா, புள்ளைய இப்படியா கட்டிப் போடுவாங்க, அழுவுறான் பாரு, எங்கிட்டக் குடு" என்பார்கள். பாசத்தில் வருகிற பேச்சு, அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. நான் அத்தையிடம் அந்த மூன்று அரிசி மூட்டைக் கணக்கைச் சொன்னேன். காரிமங்கலத்தில் நடந்ததை அவர் மறக்கவில்லை. இப்போது கோட்டைக் கோயிலுக்குப் போகிற இரண்டு கிலோமீட்டருக்கும் பேரனை அவரே உட்கார வைத்து வார் மாட்டுகிறார். பையன் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம்.

மகளை ஒரு வயதிலேயே முன்னால் திருப்பிவிட்டோம். தெரியாமல் செய்தது, இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. மகன் இப்போது 14 கிலோ, இன்னும் பின்னால் பார்த்துத்தான் வருகிறான். ஒகேனக்கல் போகிற மலை வளைவுகளில் மட்டும் குமட்டுகிறது என்பான். சாப்பிட்டவுடன் கிளம்பாமல் பென்னாகரத்தில் பத்து நிமிடம் இறக்கி நடக்க விடுகிறோம். மகள் 100 சென்டிமீட்டர் தாண்டி, நான்கு வயதும் முடிந்த பிறகு முதுகு வைத்த பூஸ்டருக்கு, அதாவது உயர்த்தி உட்கார வைத்துக் காரின் பெல்ட்டையே போடுகிற இருக்கைக்கு, மாறினாள். உங்களுக்கு அந்த யோசனை இப்போது வேண்டாம்.

சேலம் போகும்போது ஒன்று செய்யுங்கள். வழியில் டீ குடிக்க இறங்கி ஏறிய பிறகுதான் பிள்ளைகள் வாரிலிருந்து கையை உருவிக்கொள்வார்கள். முன்னால் இருப்பவருக்கு அது தெரியாது. தருமபுரி தாண்டி, தொப்பூர் இறங்குவதற்கு முன் ஓரமாக நிறுத்தி, இரண்டு தோளிலும் வார் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.