அக்கா பரிஸில், தம்பி பேர்ணில், மாமா ஹம்மில்: யூரெயில் பாஸ் எடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், 67 வயது அம்மா என்று ஐந்து பேரும் ஓகஸ்டில் மூன்று கிழமை ஐரோப்பா போக இருக்கிறோம். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் பத்து நாள் பரிஸில் அக்கா வீடு, பிறகு சுவிஸில் பேர்ண் நகரில் தம்பி, அப்புறம் ஜேர்மனியில் ஹம்மில் மாமா, கடைசியில் திரும்பப் பரிஸ் வந்து விமானம். அக்கா சொல்கிறா, 'ஆளுக்கொரு யூரெயில் பாஸ் எடுங்கோ, எல்லா ரயிலுக்கும் அதுவே போதும், நானும் ஒன்று எடுத்துக்கொண்டு கூட வாறன், ஏலுமென்றால் லண்டனுக்கும் ஒரு எட்டுப் போவம்' என்று. தம்பியோ 'அது வீண் காசு, இப்பவே தனித்தனி டிக்கெட் போட்டால் அரைவாசிதான் வரும்' என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"

உங்கள் தம்பி சொல்வது பேர்ணில் இருக்கிற அவருக்குச் சரி. வெள்ளவத்தையில் இருக்கிற உங்களுக்குச் சரிவராது. பிரச்சினை ரயிலில் இல்லை, விசாவில்.

ஐரோப்பாவில் நெடுந்தூர ரயில் டிக்கெட் கிட்டத்தட்ட விமான டிக்கெட் மாதிரி. இரண்டு மூன்று மாதம் முந்திப் போட்டால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அந்த மலிவு டிக்கெட்டை மாற்றவோ காசைத் திருப்பி எடுக்கவோ பெரும்பாலும் வழியில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, வேலையில் லீவு சொல்லிவிட்டு டிக்கெட்டைப் போடுவார்கள். நமக்கு அப்படியா? ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா) பயணத்துக்கு 6 மாதம் முந்தியே விண்ணப்பிக்கலாம், சாதாரணமாக 15 நாளில் முடிவு வரவேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது, ஆனால் அதே விதி மேலதிகமாகப் பார்க்கவேண்டிய விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை இடமும் கொடுக்கிறது. ஓகஸ்ட் பயணமென்றால் உங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள் அதே வரிசையில் நிற்கும். பாஸ்போர்ட் கைக்கு வருகிறபோது பயணத்துக்கு இரண்டு கிழமைதான் மிச்சம் என்பது நான் டிக்கெட் போடுகிற இத்தனை வருஷத்தில் சலிக்கச் சலிக்கப் பார்த்த காட்சி. அதற்கு முன் வாங்கிய மலிவு டிக்கெட் ஒரு சூதாட்டம், பிறகு வாங்கினால் அது மலிவே இல்லை.

யூரெயில் பாஸ் என்பது ஒவ்வொரு ரயிலுக்கும் தனி டிக்கெட் எடுக்காமல், பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு ஏறக்கூடிய ஒரே சீட்டு. பாஸில் அந்தத் தலையிடி இல்லை. அதன் விலை நாள் நெருங்குகிறது என்பதற்காக ஏறாது. விசா ஒட்டின பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, அன்று பின்னேரமே ஒன்லைனில் வாங்கலாம், அது போனுக்கே வந்துவிடும். வாங்கி 11 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வருஷத்தில் சில தடவை கழிவும் போடுவார்கள், அது அகப்பட்டால் அதிர்ஷ்டம், ஆனால் கழிவு விலையில் எடுக்கும்போது திருப்பிக்கொடுக்கும் விதியை ஒருமுறை வாசித்துவிட்டு எடுங்கள்.

சரி, அப்போ அக்கா சொல்வதுதான் சரியா? அதிலும் இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது.

முதலாவது, அக்காவுக்கு யூரெயில் பாஸ் கொடுக்கமாட்டார்கள். யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில் என்று வேறு பெயரில் ஒன்று. இதில் பார்ப்பது எந்தப் பாஸ்போர்ட் என்பதை அல்ல, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை. அக்காவிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தாலும் அவ இன்டர்ரெயில்காரிதான், கொழும்பில் வீடு வாசலோடு இருக்கிற ஒருவர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவருக்கு யூரெயில்தான். இன்டர்ரெயிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, சொந்த நாட்டுக்குள் அதை நாட்டைவிட்டு வெளியே போகவும் திரும்பி வரவும்தான் பாவிக்கலாம், பிரான்ஸுக்குள் ஊர் சுற்ற முடியாது. பேர்ண் வரைக்கும் ஒரு தடவை கூட வருவதற்காக அக்கா முழுப் பாஸ் எடுப்பது நட்டம், அவவை முன்கூட்டியே தனி டிக்கெட் போடச் சொல்லுங்கள். தம்பியின் கணக்கு பலிப்பது அவவுக்குத்தான்.

இரண்டாவது பிழைதான் காசைக் கடிப்பது: "எல்லா ரயிலுக்கும் அதுவே போதும்." அம்மாவிடம் கேளுங்கள், படிப்பித்த காலத்தில் வாரண்டில் (அரச ஊழியருக்குக் கொடுக்கும் இலவச ரயில் சீட்டு) யாழ்ப்பாணம் போயிருப்பா. வாரண்ட் கையில் இருந்தால் பயணத்துக்குக் காசில்லை, ஆனால் யாழ்தேவி ரயிலில் ஒதுக்கிய இருக்கை வேண்டுமென்றால் அதை முந்தியே தனியாகப் பதியவேண்டும், இருக்கை முடிந்துவிட்டால் வாரண்டைக் காட்டி அழுதாலும் கிடைக்காது. யூரெயிலும் அதே கதை. ஜேர்மனியின் ஐசிஇ அதிவேக ரயில், சுவிஸின் சாதாரண ரயில்கள், ஒஸ்திரியா, பெல்ஜியத்தின் உள்ளூர் ரயில்கள் இவற்றில் பாஸோடு போய் வெறும் இருக்கையைப் பார்த்து இருக்கலாம். பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயில், பிரான்ஸிலிருந்து சுவிஸ் போகும் லிரியா, பரிஸிலிருந்து லண்டனுக்கும் ஜேர்மனிக்கும் ஓடும் யூரோஸ்டார் இவற்றில் இருக்கை பதியாமல் ஏறவே கூடாது, பதிவதற்குத் தனிக் காசு. அதிலும் பாஸ்காரருக்கென்று ஒதுக்குகிற இடம் கொஞ்சம்தான், ஓகஸ்டில் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

உங்கள் பாதையில் அப்படிப்பட்ட இடம் இரண்டு: பரிஸிலிருந்து சுவிஸ் போகும்போதும், ஜேர்மனியிலிருந்து பரிஸ் திரும்பும்போதும். இரண்டிலும் தலைக்கு ஏறக்குறைய 30 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், இரண்டு ரயில், கிட்டத்தட்ட 300 யூரோ. 9 வயது மகனுக்குப் பாஸ் இலவசம் (4 முதல் 11 வயது வரை ஒரு பெரியவரோடு இரண்டு பிள்ளைகள் வரை இலவசம், ஆனால் அவர்களுக்கும் பாஸ் ஒன்று எடுத்தே ஆகவேண்டும்), இருக்கைப் பதிவு மட்டும் இலவசமில்லை. இந்த 300 யூரோவை யாரும் முந்திச் சொல்வதில்லை.

எத்தனை நாள் பாஸ்? மூன்று கிழமை என்றவுடன் 22 நாள் தொடர் பாஸைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் விருந்து சாப்பிட்டு இருக்கப்போகிற உங்களுக்கு ஒரு மாதத்துக்குள் 4 நாள் ஓடுகிற பாஸே போதும். பரிஸ்-பேர்ண் ஒன்று, பேர்ண்-ஹம் ஒன்று, ஹம்-பரிஸ் ஒன்று, சுவிஸில் சுற்றிப்பார்க்க ஒன்று. பெரியவருக்கு இரண்டாம் வகுப்பில் இது சுமார் 300 யூரோ. அம்மாவுக்கு 60 தாண்டியதால் 10 சதவீதம் கழிவு, மகளுக்கு 12 முதல் 27 வயது வரையான இளைஞர் பாஸில் 25 சதவீதம். பரிஸுக்குள் ஓடும் மெட்ரோ, பேர்ணின் டிராம், பஸ் எதற்கும் இந்தப் பாஸ் செல்லாது. அதற்காக ஒரு நாளையும் செலவழிக்காதீர்கள், அக்கா பார்த்துக்கொள்ளுவா.

அந்தச் சுவிஸ் நாளைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும், ஏனென்றால் பாஸ் தன் காசை உழைப்பது அங்கேதான். சுவிஸில் ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், தம்பியிடம் அரைக்கட்டண அட்டை இருக்கும், உங்களிடம் இல்லை. பாஸில் ஒரு நாள் என்றால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எத்தனை ரயிலும் ஏறலாம். காலையில் பேர்ணிலிருந்து லூசேர்ன், அங்கிருந்து ஏரிகளை ஒட்டி மலைமேல் ஏறி இறங்கும் ரயிலில் இன்டர்லாக்கன், பின்னேரம் துன் ஏரிக்கரை வழியே பேர்ண். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ரயிலுக்குள் சாப்பிட யாரும் தடுக்கமாட்டார்கள். யுங்ஃபிராவ் உச்சிக்குப் போகும் மலை ரயில் பாஸில் அடங்காது, கழிவு மட்டும்தான், ஐந்து பேருக்கு அந்தச் செலவு இந்த முழுப் பயணத்தையும் கவிழ்த்துவிடும். வேண்டாம் என்பது என் எண்ணம்.

பரிஸிலிருந்து புறப்படும்போது இரண்டு வழி. கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து லிரியாவில் சுவிஸ் எல்லை நகரான பாசலுக்கு மூன்று மணித்தியாலம், அங்கே மாறினால் இன்னும் ஒரு மணித்தியாலத்தில் பேர்ண். லிரியாவில் பாஸ் இடம் முடிந்துவிட்டால் கலங்கவேண்டாம்: கார் து லெஸ்டிலிருந்து டிஜிவியில் ஸ்ட்ராஸ்பூர்க் (இங்கே பதிவுக் காசு குறைவு), அங்கிருந்து பாசலுக்கு ஓடும் பிராந்திய ரயிலுக்குப் பதிவே தேவையில்லை. மாறுவது ஒன்று கூடும். ஸ்டேஷன் பெயரைக் கவனமாகப் பாருங்கள், பரிஸில் நம் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் மாதிரி ஒன்றல்ல, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன். திரும்பும்போது ஹம்மிலிருந்து கொலோன் போய், அங்கிருந்து யூரோஸ்டாரில் பரிஸின் கார் து நோர் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கினால் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் நடை தூரம். அம்மா இருக்கிறபடியால் அந்தப் பக்கம் 30 யூரோவைப் பார்க்காதீர்கள், பதிவில்லாத சுற்றுவழியில் பெட்டிகளோடு நாலு தடவை ஏறி இறங்கவேண்டும், தூக்கித்தர ஆளும் கிடையாது.

போனில் உள்ள பாஸை எப்படிப் பாவிப்பது என்பதில்தான் ஆட்கள் அகப்படுகிறார்கள், நானும் அகப்பட்டவன். ரயில் பிளானர் என்ற செயலியில் பாஸை ஏற்றி, முதல் பயணத்துக்கு முன் செயல்படுத்தி, அன்று ஏறப்போகிற ரயிலைத் தேடி அதைப் பாஸோடு சேர்க்கவேண்டும். அப்போதுதான் அந்த நாளுக்கான கியூஆர் டிக்கெட் வரும். என் முதல் பயணத்தில், பாஸ்தான் வாங்கியாயிற்றே என்ற தைரியத்தில் ஏறி இருந்துவிட்டேன். டிக்கெட் பார்ப்பவர் வந்தபோது போனில் டேட்டா முடிந்திருந்தது, ரயிலும் சுரங்கத்துக்குள். வாங்கின ஈமெயிலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முழு டிக்கெட் எழுதித் தந்தார். பிழை என்னுடையது, வாயைத் திறக்க வழியில்லை. ஆகவே மேடையில் நிற்கும்போதே, வைஃபை இருக்கும்போதே கியூஆரை எடுத்துவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தோடு சேரவேண்டும் என்பதும் விதி. ஒரே போனில் பல பாஸை வைக்கலாம், அம்மாவினதையும் பிள்ளைகளினதையும் உங்கள் போனில் போடுங்கள், ஆனால் ஒரு பாஸ் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் இருக்கும், அதனால் கணவர் பிள்ளையோடு தனியாக எங்காவது போகிற எண்ணம் இருந்தால் அந்தப் பிள்ளையின் பாஸ் அவர் போனில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டையும் கூடவே கொண்டுபோங்கள், கேட்பார்கள்.

லண்டன் யோசனையை இந்தமுறை விட்டுவிடுங்கள். பாஸ் பிரித்தானியாவிலும் செல்லும், பரிஸ்-லண்டன் யூரோஸ்டாருக்கும் செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரித்தானிய விசா வேறு, அதற்கு வேறு காசு, வேறு காத்திருப்பு. எல்லைச் சோதனையும் கார் து நோரில் ரயில் ஏறமுந்தியே நடக்கும், விசா இல்லாமல் மேடைக்கே போக முடியாது. அதோடு லண்டன் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள், திரும்ப வர உங்கள் ஷெங்கன் விசா ஒரு நுழைவுக்கு மட்டுமென்றால் அக்கா வீட்டுக்குக்கூட வர முடியாது. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 01 என்று இருக்கிறதா, மல்ட் (பல தடவை நுழையலாம்) என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனிப் பக்கத்துக்கு வருவோம். அங்கே ரயில் நேரத்துக்கு ஓடும் என்பது பழைய கதை. 2024-இல் அவர்களுடைய நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்திருக்கிறது, அதுவும் ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தை நேரத்துக்கு என்றே எண்ணியும். நம் கோச்சியைத் திட்டுகிற ஆட்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். குறிப்பிட்ட ரயிலுக்கு மலிவு டிக்கெட் வைத்திருப்பவர் இணைப்பு தவறினால் கவுண்டருக்கு ஓடுவார், பாஸ்காரர் அடுத்த ரயிலில் ஏறி இருப்பார். பேர்ண்-ஹம் பயணத்துக்கு ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள், பாசலிலோ கொலோனிலோ மாறவேண்டி வந்தால் பத்து நிமிஷ இணைப்பை எடுக்காதீர்கள், அம்மாவின் முழங்காலுக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும்.

அந்த நாளில் இன்னொன்று செய்யலாம். வேகமான ஐசிஇ மான்ஹைமிலிருந்து கொலோனுக்குப் புது அதிவேகப் பாதையில் போகும், சுரங்கமும் மதிலும்தான் தெரியும். அதைவிட்டு மைன்ஸ், கொப்ளென்ஸ் வழியாகப் போகிற இன்டர்சிட்டி ஒன்றைப் பிடித்தால் ரைன் நதிக்கரையோடு, மேலே கோட்டைகளும் சரிவில் திராட்சைத் தோட்டங்களுமாகப் போகலாம், பாஸில் ஒரு சதம் கூட அதிகமில்லை, நேரம்தான் கொஞ்சம் கூட. வடக்கு நோக்கிப் போகும்போது ஆறு வலதுபக்கம் வரும். அங்கே பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் அம்மாவுக்கு மட்டும் ஐந்தாறு யூரோ கொடுத்து வலதுபக்க ஜன்னல் சீட்டைப் பதிந்துவிடுங்கள்.