ரீவி இருந்தால் காணுமா?

கேள்வி: நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மெஷினிஸ்ற் வேலை செய்கிறேன். மனைவி ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பிஎஸ்டபிள்யூ, அதாவது பராமரிப்பு உதவியாளர். 9 வயதில் மகன், 6 வயதில் மகள். அம்மாவும் எங்களோடுதான், வயது 71. இரண்டு அறை பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறோம். வினிபெக்கில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நல்ல சம்பளத்தோடு வேலை வந்திருக்கிறது. மார்ச்சில் தொடங்க வேண்டும், பதில் சொல்ல 3 வாரம் தந்திருக்கிறார்கள். அங்கே மூன்று அறை வீடு ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன், பேஸ்மென்ற்றும் முடித்தே இருக்கிறது. எங்கள் சேமிப்போடு, அம்மா ஊரில் காணி விற்ற காசு 55,000 டொலரையும் சேர்த்தால் முற்பணம் சரி. அம்மாவால் பிரச்சினை இல்லை, அவவுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான், ரீவி இருந்தால் காணும். வெள்ளிக்கிழமை பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போவா, மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டி வருவா. என் கவலை குளிரும் பிள்ளைகளின் தமிழும்தான். வினிபெக் என்றாலே நண்பர்கள் சிரிக்கிறார்கள். அது நல்ல ஊரா? போகலாமா?

பதில்: தம்பி, வினிபெக் நல்ல ஊர். சிரிக்கிற நண்பர்களில் எத்தனை பேர் அங்கே ஒரு வாரமாவது தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேர் இருந்த, மனிற்றோபா மாகாணத்தின் தலைநகரம் அது. ரொறன்ரோவில் ஒரு தனிவீடு ஒரு மில்லியன் டொலரைத் தாண்டி நிற்கிறது, அங்கே அதில் பாதிகூட வராது. ஆற்றில் இருந்து எடுக்கும் மின்சாரம் என்பதால் பில் குறைவு. வாகனக் காப்புறுதி மாகாண அரசின் நிறுவனத்தோடுதான், ஸ்காபரோ முகவரிக்கு நீங்கள் கட்டுகிற காசை நினைத்தால் அதுவும் பெரிய ஆறுதல். விமானப் பாகமும் பஸ்ஸும் செய்கிற தொழில் அங்கே பல பத்தாண்டுகளாக ஊன்றி நிற்கிறது. ஒரு இடம் சரிவராவிட்டால் உங்கள் கைத்தொழிலுக்கு இன்னொரு இடம் இருக்கும். மனைவியின் வேலைக்கும் அங்கே தேவை உண்டு. அதை ஹெல்த் கெயார் எய்ட் என்பார்கள். ஒன்ராறியோச் சான்றிதழை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று இப்போதே கேட்டு வைக்கட்டும்.

குறையும் உண்டு. மனிற்றோபாவின் மாகாண வருமான வரி ஒன்ராறியோவைவிடக் கூடுதல், ஆகவே சம்பளத்தைப் பார்க்காமல் கைக்கு வருவதைப் பாருங்கள். நகர மையத்தின் சில தெருக்களிலும் வடக்குப் பகுதியிலும் வறுமையும் வன்முறையும் இருக்கின்றன. கனடாவின் பெரிய நகரங்களில் கொலை வீதம் கூடியவற்றில் வினிபெக் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. வீடு வாங்கும் தெருவில் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை நடந்து பாருங்கள். சப்வே கிடையாது, பஸ் மட்டும்தான். குடும்ப மருத்துவர் கிடைக்க நாளாகும்.

குளிர் உங்கள் கவலை என்கிறீர்கள். சனவரி இரவு சராசரியே மைனஸ் 20ஐ ஒட்டி இருக்கும், காற்றோடு சேர்ந்தால் மைனஸ் 40 போல் உறைக்கும் நாட்களும் வரும். காரின் என்ஜின் உறையாமல் இருக்க இரவில் மின்சாரத்தில் செருகி வைப்பார்கள். ஆனால் ரொறன்ரோவின் சாம்பல் வானம் அங்கே இல்லை. குளிர்ந்த நாட்களில்தான் வெயில் பளீரென்று அடிக்கும். சிவப்பு ஆறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்தில் ஆறு உறைந்ததும் அதன்மேலேயே சறுக்குப் பாதை போடுவார்கள். உங்கள் பொடியன் ஒரு குளிர்காலத்தில் அதைப் பழகிவிடுவான். கோடையில் நுளம்பு பிடுங்கி எடுக்கும், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் நிற்கும். ஆகஸ்ட்டில் இரண்டு வாரம் ஃபோக்லொராமா என்று 1970இல் தொடங்கிய ஒரு விழா, ஒவ்வொரு இனத்தவரும் தங்கள் மண்டபத்தில் ஆடிப் பாடிச் சமைத்துப் போடுவார்கள். பஸ்ஸில் பிலிப்பைன்ஸ்காரரின் தகலொக்கும் பஞ்சாபியும் நிறையக் கேட்கும். தமிழ் அரிதாகத்தான் கேட்கும்.

அந்த வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வினிபெக் ஒரு பழைய ஏரியின் அடித்தரையில் கட்டிய ஊர். மண் முழுக்கக் களி. ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், அதோடு அத்திவாரம் வெடிக்கும். 1950 வெள்ளத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அதன் பிறகுதான் ஆற்று வெள்ளத்தை ஊரைச் சுற்றித் திருப்பிவிட 47 கிலோமீற்றருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி 1968இல் முடித்தார்கள். 1997 பெருவெள்ளத்தில் ஊரைக் காத்தது அதுதான். ஆனாலும் கடும் மழைக்கும் பனி உருகும் காலத்துக்கும் பேஸ்மென்ற்றில் தண்ணீர் கசிகிற வீடுகள் அங்கே ஏராளம். வீட்டுப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போய் அத்திவாரச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் பம்ப் இருக்கிறதா, சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏனென்றால் அந்தப் பேஸ்மென்ற்றில் படுக்கப் போவது உங்கள் அம்மா.

நீங்கள் அப்படி எழுதவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று அறை. உங்கள் இருவருக்கும் ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. "பேஸ்மென்ற்றும் முடித்தே இருக்கிறது" என்ற மூன்று சொல்லுக்குள் 71 வயது மனுசி ஒருவருக்கு இடம் ஒதுக்கிவிட்டீர்கள். அந்த வீட்டின் முற்பணத்தில் அவருடைய 55,000 டொலர் இருக்கிறது.

"அவவுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான், ரீவி இருந்தால் காணும்." தம்பி, உங்கள் கடிதத்தில் இந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. குளிர், வீடு, சம்பளம், பிள்ளைகளின் தமிழ் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேட்ட நீங்கள், அம்மாவைப் பற்றி மட்டும் கேள்வியே கேட்கவில்லை. தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். அதுவும் பிழையான தீர்ப்பு. அடுத்த வரியிலேயே நீங்களே எழுதுகிறீர்கள், வெள்ளிக்கிழமை பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போவா, பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டி வருவா என்று. ரீவி மட்டும் போதும் என்கிறவருக்குத் தனியாகப் பஸ் ஏறி இறங்க என்ன வேலை? இந்த ஊரில் அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. மருந்துக்கடையில் தமிழில் கேட்கலாம். டொக்ரரிடம் முழங்கால் எப்படி நோகிறது என்று சொந்தப் பாஷையில் சொல்லலாம். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் முற்றல் என்று சண்டை பிடிக்கலாம். யாருடைய காரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. 71 வயதில், பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வந்த பிறகு, இவ்வளவையும் அவர் ஒவ்வொன்றாகத் தானே தேடிப் பிடித்திருக்கிறார். நீங்கள் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது ரீவிக்கு முன்னால் இருக்கிறார். அந்த நேரம் மட்டும்தான் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்.

உங்கள் மனைவி வேறு வீட்டுத் தாய்மாரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டுகிற வேலை செய்கிறார். பேச ஆள் இல்லாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிழவிகளை அவர் நாளும் பார்க்கிறார். இந்தக் கடிதத்தை எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. 90களில் நாங்கள் ரொறன்ரோவை விட்டு சஸ்கற்றூனுக்குப் போனோம். என் மாமியும் வந்தார். கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போனோம். நல்ல வீடு, பெரிய ஜன்னல். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்பது அவருக்கு மனப்பாடம், நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ரொறன்ரோ வந்தோம். மண்டபத்தில் காலையில் இருந்து மாலை வரை தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரோடும் மாமி பேசினார். அன்றிரவு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை. சுக்குத்தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு நான் அழுதேன். அடுத்த வருடம் திரும்பி வந்துவிட்டோம். போன மூன்று வருடத்தை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிள்ளைகளின் தமிழுக்கு என்ன செய்வது என்று கவலைப்படுகிறீர்கள். இங்கே சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், கடைப் பெயர்ப்பலகை இருக்கிறது. அங்கே அவர்களுக்குத் தமிழ் என்றால் அப்பம்மாதான். மகள் இப்போது அவரோடு ஒரே அறையில் படுக்கிறாளா? அந்த அறையில் இரவு பேசுகிற பேச்சை விடவா ஒரு வகுப்பு வேண்டும்? ஆனால் அதற்காகவும் அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கனவே காசுக்கும் பிள்ளை பார்க்கவும் அவர் உங்கள் கணக்கில் இருக்கிறார்.

தாயைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. அது எனக்கு மாறாத கொள்கை, முதியோர் காசு அரசாங்கம் கொடுக்கிறது என்பதால் அது குறைந்துவிடாது. அதற்காக, அம்மா இருக்கிறார் என்று நீங்கள் பேஸ்மென்ற்றிலேயே கிடந்து வாடகை கட்ட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு 71 வயது வரும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு வீடு வேண்டும். அம்மாவும் அதைத்தான் விரும்புவார். அதனாலேயே கேட்டால் உடனே "போவம் தம்பி" என்று சொல்லிவிடுவார். அந்த முதல் பதிலை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது சனவரி, நல்ல நேரம். விமானத்தில் இரண்டரை மணித்தியாலம்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் போய் இருங்கள். ஜூலையில் காட்டினால் எந்த ஊரும் அழகு. பார்த்து வைத்த வீட்டில் இருந்து பஸ் நிறுத்தம் வரை பனியில் அவரோடு நடந்து பாருங்கள், காரில் ஏற்றிக்கொண்டு சுற்றாதீர்கள். சென்ற் ஆன்ஸ் வீதியில் இந்துக் கோயில் இருக்கிறது. நம்மூர்க் கோயில் போல இராது, வடக்கும் தெற்கும் கலந்துதான் இருக்கும். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை அவரை விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். யாரோடாவது பேச்சுக் கொடுக்கிறாரா, வாசலில் வந்து உங்களைத் தேடுகிறாரா என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு என் பதிலைவிட அது நல்ல பதில்.

வருகிறேன் என்று அவர் மனதாரச் சொன்னால், அந்த மூன்று அறை வீட்டை விடுங்கள். படியேறாத, எல்லா அறையும் ஒரே தளத்தில் இருக்கிற பழைய பங்களா வீடுகள் வினிபெக்கில் நிறைய உண்டு. அவருக்கு நிலத்தளத்தில் அறை, பக்கத்திலேயே குளியலறை. பேஸ்மென்ற்றில் நீங்களும் மனைவியும் படுங்கள், முழங்கால் நல்லாய் இருக்கிற வயது உங்களுக்குத்தானே. அவர் காசு வீட்டில் போனால் அவர் பெயரும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருக்க வேண்டும், அதை அவருக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர் விளக்கட்டும்.

வரவில்லை என்று சொன்னால், அந்த 55,000 டொலரைத் தொடாதீர்கள். இங்கே அவர் யாரோடு, எங்கே, எவ்வளவு வாடகையில் இருப்பார் என்று ஒழுங்கு செய்து முடித்த பிறகுதான் வேலைக்குச் சரி சொல்ல வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று போனவர்கள் எழுதிய கடிதங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

3 வாரம் போதாது என்றால் தொழிற்சாலைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இன்னும் பத்து நாள் கேளுங்கள், நல்ல மெஷினிஸ்ற்றுக்கு அவர்கள் காத்திருப்பார்கள். அம்மா பதில் சொல்ல நாள் எடுத்தால் அவசரப்படுத்தாதீர்கள். அந்தக் காணியை விற்க அவர் எத்தனை மாதம் யோசித்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.