ஜெப்பெட்டோவின் கோட்டு

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது. டிஸ்னியின் ‘பினோக்கியோ’ படத்தை முதலில் காட்டுவதா, கொல்லோடியின் மூல நாவலை முதலில் வாசித்துக் காட்டுவதா என்று குழப்பமாக இருக்கிறது. நாவலில் நாலாவது அத்தியாயத்திலேயே பினோக்கியோ என்ற அந்த மரப்பொம்மைப் பையன் சுத்தியலை வீசி, பேசும் சில்வண்டைக் கொன்றுவிடுகிறான். பதினைந்தாவதில் அவனையே மரத்தில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். குழந்தைக்கு வேண்டாத இடங்களைப் பென்சிலால் அடித்து வைத்திருக்கிறேன். படம் 1940இல் வந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

படம் பழையது என்ற கவலையை விடுங்கள். அதில் திமிங்கிலம் துரத்தும்போது எழும் கடல் மொத்தமும் கையால் வரைந்தது. அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வருஷம் கேட்காது.

உங்கள் பென்சில்தான் என்னை உறுத்துகிறது. சில நாட்களாக இந்த நாவலைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் அந்த வரியைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. 1881இல் ரோமில் வெளிவந்த ஒரு சிறுவர் வார இதழில் கொல்லோடி இதைத் தொடராக எழுதினார். பினோக்கியோ மரத்தில் தொங்கும் இடத்தில் கதை முடிந்தேபோனது. அப்புறம் இதழ் கேட்டுக்கொண்டதால்தான் மேலே எழுதினார். 1883இல் புத்தகமானது. பிள்ளைகளுக்கென்றே எழுதியதைப் பிள்ளைக்காக அடிக்கிறீர்கள். படம் மட்டும் பத்திரமானது என்று யார் சொன்னார்கள்? கூட்டாளிப் பையன் கழுதையாக மாறும்போது, அம்மா அம்மா என்று அலறியபடி அவன் கை குளம்பாவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாவலின் தூக்குமரத்தைவிட அது பயங்கரம்.

என் மகளுக்கு ஆறு வயதில் நாவலை இரவுக்கு ஓர் அத்தியாயமாக வாசித்தேன். சில்வண்டு செத்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். பேச்சில்லாமல் உட்கார்ந்தது வேறோர் இடத்தில்.

பினோக்கியோவை மரத்தில் செதுக்கி மகனாக வளர்க்கும் ஏழைக் கிழவர் ஜெப்பெட்டோ. அவர் வீட்டில் அடுப்புத் தீ சுவரில் வரைந்த ஓவியம். அதன்மேல் கொதிக்கும் பானையும் ஓவியம்தான். தனக்கென்று வைத்திருந்த மூன்று பேரிக்காய்களை அவர் மகனுக்குத் தருகிறார். தோல் சீவினால்தான் தின்பேன் என்கிறான். சீவித் தருகிறார். பசி அடங்காமல் தோலையும், கடைசியில் நடுத்தண்டையும்கூட அவனே தின்று தீர்க்கிறான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வேண்டும். கிழவர் வெளியே ஓடிப்போய்ப் புத்தகத்தோடு திரும்புகிறார். உடம்பில் வெறும் சட்டைதான், வெளியே பனி கொட்டுகிறது. கோட்டு எங்கே என்று பையன் கேட்கிறான். விற்றுவிட்டேன் என்கிறார். ஏன்? உடம்புக்குச் சூடாக இருந்ததாம்.

பினோக்கியோ அவரைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிறான். பள்ளிக்குப் போகிற வழியில், சம்பாதித்து அப்பாவுக்குப் பொன்னும் வெள்ளியுமாக, வைரப் பித்தான் வைத்துக் கோட்டு வாங்கித் தருவேன் என்று நினைத்துக்கொண்டே நடக்கிறான். தூரத்தில் பொம்மலாட்டக்காரர்களின் குழலோசை கேட்கிறது. நாலு காசுக்கு அந்தப் புத்தகத்தைப் பழைய துணி வியாபாரியிடம் விற்று உள்ளே போய்விடுகிறான்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அவனை யாரும் ஏமாற்றவில்லை. அவனே விற்றான். அவனை ஏமாற்றும் நரியும் பூனையும் நாவலில் பிறகுதான் வருகிறார்கள். படத்தில் ஜெப்பெட்டோ வீடு நிறையக் கடிகாரங்களும் இசைப்பெட்டிகளுமாக வாழ்கிறார், பசி கிடையாது, கோட்டும் விற்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பிய பையனை நரி மயக்கி நாடகத்துக்கு இழுத்துப்போகிறது. முதலில் வரைந்த பொம்மை மரக்கட்டையாக, மனதில் ஒட்டாமல் இருக்கிறது என்று வால்ட் டிஸ்னி வேலையை நிறுத்தி, அவனைச் சின்னப் பையன் மாதிரி மாற்றி வரையவைத்தார். மனசாட்சி வேலையைச் சில்வண்டிடம் கொடுத்தார்கள். அருமையான படம், நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலுள்ள பையன் வெகுளி. நாவலில் இருப்பவன் அப்பாவை உயிராக நேசித்துக்கொண்டே அவருடைய கோட்டை நாலு காசுக்குக் கரைத்தவன். நேசமும் அந்த விற்பனையும் ஒரே காலையில் நடக்கின்றன. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க நமக்கு என்ன உரிமை? அவர்கள் தினமும் செய்வதுதானே, நாமும் செய்ததுதானே.

அடுத்த மூன்று இரவும் மகள் கேட்டாள், “கோட்டைத் திருப்பி வாங்கிட்டாங்களா?” கடைசி அத்தியாயத்தில் பினோக்கியோ ஒரு குவளைப் பாலுக்காக நூறு வாளித் தண்ணீர் இறைக்கிறான், நோயாளி அப்பாவுக்காக. அதை வாசித்த பிறகும் கேட்டாள். இல்லைம்மா, கடைசி வரை வரவில்லை என்றேன்.

உங்கள் மகனும் ஏதாவது கேட்பான். எந்த இடத்தில் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. படத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே காட்டுங்கள். வாசிப்பதை இன்றிரவே தொடங்குங்கள். அதற்கு முன்னால் ஓர் அழிரப்பர் எடுத்து அந்தக் கோடுகளையெல்லாம் அழித்துவிடுங்கள்.